போல் கேன் பார்த்த முகங்கள்

நீர்வண்ணத்தில் முகம் வரையப் பழகுகிறீர்களா? நிறத்தை மறந்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எது வெளிச்சம், எது நிழல் என்று தெரியும். வெளிச்சத்துக்குத் தாளை வெறுமையாக விடவேண்டும்.

எங்கள் ரொறன்ரோவில் வளர்ந்த போல் கேன், 1846 முதல் 1848 வரை மேற்கே பயணம் போய், பூர்வகுடி மக்களைப் பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் நேரில் வரைந்தார். திரும்பி வந்து, அவற்றைக்கொண்டு நூறு எண்ணெய் ஓவியங்கள் தீட்டினார். அவை றோயல் ஒன்ராறியோ மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கின்றன.

ஆனால் எண்ணெய் ஓவியம் ஒன்றில், தனித்தனியாக வரைந்த பெண்ணையும் குழந்தையையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். பார்ப்பவர்கள் தாயும் பிள்ளையும் என்றே நம்புவார்கள். பயணத்தில் வரைந்த சின்னத் தாள்கள்தான் உண்மைக்குக் கிட்ட நிற்கின்றன.

அடுத்தமுறை அம்மம்மாவை வரையும்போது எதையும் கூட்டாதீர்கள். அவர் முகத்தில் விழும் வெளிச்சத்தை மட்டும் பாருங்கள்.