நச்சைக் காட்டிக்கொடுத்த சிறுநீரக உயிரணுக்கள்

1973-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் 14 குழந்தைகள் இறந்தனர். அவர்களுடைய உயிரைப் பறித்தது நோயன்று, மருந்து. அதில் டைஎதிலீன் கிளைக்கால் என்னும் நச்சுத் திரவம் கலந்திருந்தது. அது சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்துவிட்டது.

இந்த நச்சு புதியதன்று. 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தை இதே திரவத்தில் கரைத்து, விலங்குகளிடம்கூடச் சோதிக்காமல் விற்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். புது மருந்து தீங்கற்றது என்று காட்டிய பிறகே விற்க வேண்டும் என்ற சட்டம் 1938-இல் அங்கு வந்தது. ஆயினும், இத்திரவம் சிறுநீரகத்தை எவ்வாறு அழிக்கிறது என்ற வினாவுக்கு நெடுங்காலம் தெளிவான விடை இல்லை.

வாசகர்களே, நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிப்பான்கள் உள்ளன. இரண்டு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிக்கின்றன. வடிப்பானை அடுத்துள்ள நுண்குழல்களின் உயிரணுக்கள் அதில் பெரும்பகுதியை மீட்டு இரத்தத்திற்கு அனுப்புகின்றன. நச்சு தாக்குவது இந்த உயிரணுக்களைத்தான்.

2011-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், மனித நுண்குழல் உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அவற்றின் மேல் டைஎதிலீன் கிளைக்காலை இட்டனர். 48 மணி நேரம் கழிந்தும் அவை சாகவில்லை! அத்திரவம் உடலுக்குள் மாற்றமடைந்து உண்டாகும் டைகிளைக்காலிக் அமிலத்தைப் போதிய அளவில் இட்டபோதோ அவை மடிந்தன. உண்மைக் கொலையாளி யாரென்று விளங்கியது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. இம்மாற்றம் பெரிதும் கல்லீரலில் நடப்பது. ஆகவே சிறுநீரக உயிரணுக்களை மட்டும் கொண்டு சோதித்திருந்தால் இந்த நச்சு ‘தீங்கற்றது’ என்று தேறியிருக்கும். ஓர் உறுப்பின் திசுவோடு மற்றோர் உறுப்பின் திசுவையும் இணைத்துச் சோதிக்க வேண்டும் என்பது இதனால்தான். விலங்குகளுக்கு மாற்றாக இத்தகைய திசுச் சோதனைகளை இந்திய விதிகளும் 2023 முதல் ஏற்கின்றன.

ஆனால், 2025-இல் நடந்தது என்ன? மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்து குடித்து இறந்தனர். திருமுல்லைவாயிலில் வாழும் எங்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள சுங்குவார்சத்திரத்தில் தயாரான மருந்து அது. தமிழக அரசின் சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎதிலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவோ 0.1 சதவீதமே.

ஒரு பொருள் உடலில் என்ன செய்யும் என்பதை வளர்த்த திசு சொல்லும். புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை வேதியியல் சோதனைதான் சொல்லும். முன்னது புதிய அறிவியல். பின்னது பழைய கடமை. இரண்டும் சேர்ந்தால்தான் குழந்தைகளைக் காக்க முடியும்.