காது வைத்த பாத்திரமும் 'அன்சா' என்ற சொல்லும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அலுமினிய அன்னக்கூடை நிறைய மீனை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிச் செல்வதைப் பார்க்காதவர்கள் நம் பகுதியில் குறைவு. அவர்கள் பிடிக்கும் அந்த வளைந்த பிடியை நாம் 'காது' என்கிறோம். இலத்தீனில் அதன் பெயர் 'அன்சா'.

சாடியின் கைப்பிடி, செருப்பில் வாரை நுழைக்கும் வளையம் இரண்டுமே உரோமையர்களுக்கு அன்சாதான். இதிலிருந்து வந்த 'ஆன்ஸ்' என்ற பிரெஞ்சுச் சொல், கைப்பிடியையும் கடற்கரையில் வளைந்து கிடக்கும் சிறு குடாவையும் குறிக்கும். 1616-இல் கலிலேயோ தொலைநோக்கியில் கண்ட சனிக் கோளை இருபுறமும் காது வைத்ததுபோல் வரைந்தார். அது வளையம் என்று ஹைகன்ஸ் 1659-இல் விளக்கிய பிறகும், வளையத்தின் இரு ஓரங்களுக்கும் வானியலார் இந்தப் பெயரையே வழங்குகிறார்கள்.

'பிடி கொடுக்காமல் பேசுகிறான்' என்போம் அல்லவா? இலத்தீனிலும் அப்படியே. நட்பைப் பற்றிய தம் நூலில் சிசரோ, நண்பனைக் கண்டிக்கப் பிடி கிடைக்காதா என்று அவன் தவறுக்காகக் காத்திருப்பவனைப் பற்றிப் பேசும்போது இச்சொல்லைத்தான் கையாளுகிறார்.

புனித எரோணிமுஸ் இதை விடுதலைப் பயண நூலின் 26-ஆம் அதிகாரத்தில் பயன்படுத்தினார். திருஉறைவிடத்துக்குப் பத்துத் திரைகள். ஐந்தைந்தாக இணைத்தால் இரண்டு பெரிய விரிப்புகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் நீல நூலால் 50 வளையங்கள். 50 பொன் கொக்கிகள் அவற்றை மாட்டி, உறைவிடத்தை ஒன்றாக்கின. ஒரு வளையம் தள்ளித் தைக்கப்பட்டாலும் அதற்கு நேரே இணை இராது. எபிரேய மூலம் இதை, ஒருத்தி தன் சகோதரிக்கு எதிரே நிற்பதாகச் சொல்கிறது. எரோணிமுஸ் அந்த உறவுமுறையை விட்டுவிட்டு, அன்சாவுக்கு எதிரே அன்சா என்று முடித்துக்கொண்டார். எபிரேயம்தான் அழகு என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றில் இந்த வளையங்களும் 'காதுகள்'தான். முதல்முறை வாசிப்பவர் திரைக்கு எதற்குக் காது என்று திகைக்கலாம். ஆனால் ஊசிக்கும் காது உண்டு என்று சொல்லும் நமக்கு இது புதிதல்ல.

அதே அதிகாரத்தின் 33-ஆம் வசனத்தையும் பாருங்கள். தூயகத்தையும் திருத்தூயகத்தையும் பிரிக்கும் திரையை எங்கே தொங்கவிட வேண்டும்? அந்தக் கொக்கிகளுக்கு நேர் கீழே. விரிப்புகள் இரண்டும் மேலே ஒன்றாய் இணைந்த இடம்தான், கீழே தலைமைக் குரு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கடந்து சென்ற எல்லை.