கார்ட் பந்தயம்: வயது வந்தோரின் தொடக்கம்

கார்ட் பந்தயம் நான்கு சக்கர மோட்டார் விளையாட்டில் மிகச் சிறிய வண்டிகளில் ஒன்றைக் கொண்டு நடப்பது. எஃகுக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்த ஒரு சட்டம், ஒற்றை சிலிண்டர் என்ஜின், நான்கு சின்ன டயர்கள், தரையை உரசாத குறையாக ஓர் இருக்கை. கூரை, கதவு, சீட் பெல்ட் எதுவும் கிடையாது. சஸ்பென்ஷனும் டிஃபரன்ஷியலும்கூட இல்லை. எட்டு வயதில் தொடங்காதவர்களுக்கு இதில் இடமில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். ஃபார்முலா 1 கனவோடு வருபவர்களுக்கு அது உண்மையாக இருக்கலாம். மற்றபடி முப்பதிலும் நாற்பதிலும் முதல் பந்தயம் ஓடுபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று தனிப் பிரிவுகளும் உண்டு.

பெரியவர்களின் விளையாட்டாக

வரலாற்றைப் பார்த்தால் கார்ட் பெரியவர்களுக்காகவே பிறந்தது. 1956இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் முதல் கார்ட்டைச் செய்தார். கர்டிஸ் கிராஃப்ட் என்ற பந்தயக் கார் பட்டறையில் வேலை பார்த்த அவர், நண்பர் லூ பொரெல்லியோடு சேர்ந்து ஒரு குழாய்ச் சட்டத்தில் புல்வெட்டும் இயந்திரத்துக்கான டூ-ஸ்ட்ரோக் என்ஜினைப் பொருத்தினார். பசடேனாவின் ரோஸ் பௌல் மைதான வாகன நிறுத்துமிடத்தில் அதை ஓட்டிப் பார்த்தார்கள். வேடிக்கை பார்த்தவர்களுக்கும் ஆசை வர, ஓரிரு ஆண்டுகளில் அது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. சர்வதேச கார்ட்டிங் ஆணையமான சி.ஐ.கே. 1962இல் உருவானது. 1964இல் நடந்த முதல் உலகப் போட்டியில் இத்தாலியின் கிதோ சாலா வென்றார்.

ஃபார்முலா 1இன் பெரும் வீரர்களும் கார்ட்டைக் குழந்தை விளையாட்டாக நினைக்கவில்லை. அவர்களில் ஒருவரான அயர்டன் சென்னா கார்ட்டில் உலகப் பட்டம் வென்றதே இல்லை. 1979, 1980 இரண்டு ஆண்டுகளிலும் இரண்டாமிடம்தான். தான் மோதியவர்களில் மிகுந்த நிறைவு தந்த போட்டியாளர் யார் என்று பின்னாளில் கேட்டபோது, ஃபார்முலா 1 பெயர் எதையும் சொல்லாமல் கார்ட் காலத்து டெரி ஃபுல்லர்ட்டனைத்தான் சொன்னார். ஃபார்முலா 1 பட்டத்தைக் கையில் வைத்திருந்த மைக்கேல் ஷூமாக்கர், 2001இல் தன் சொந்த ஊர் ட்ராக்கான கெர்பெனில் உலக கார்ட் போட்டிச் சுற்று ஒன்றில் இறங்கி, தன்னைவிட வயதில் மிக இளையவர்களோடு மோதி இரண்டாவதாக வந்தார். அப்போது அவருக்கு வயது 32.

வண்டி எப்படித் திரும்புகிறது

கார் ஓட்டத் தெரிந்தவர் கார்ட்டில் முதலில் தடுமாறுவது வளைவில்தான். அதற்குக் காரணம் பின் ஆக்ஸில். ஒரே தண்டில் இரண்டு பின்சக்கரங்களும் பூட்டப்பட்டிருப்பதால் இரண்டும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுழலும். வளைவிலோ உட்பக்கச் சக்கரம் கடக்கும் தூரம் குறைவு. எனவே அது தரையில் ஒட்டிக்கொண்டிருந்தால் வண்டி நேராகவே போகப் பார்க்கும். அந்தச் சக்கரம் லேசாகத் தரையை விட்டு எழும்பியாக வேண்டும்.

அதை எழுப்பும் வேலையை ஸ்டியரிங்கின் சாய்வுக் கோணம் செய்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன் உட்சக்கரம் கீழே அழுத்தும், வெளிச்சக்கரம் மேலேறும். சட்டம் முறுகி, பின் உட்சக்கரம் தூக்கப்படும். சஸ்பென்ஷன் செய்ய வேண்டிய வேலையைச் சட்டத்தின் நெளிவே செய்கிறது. இதனால்தான் ஓட்டுநரின் உடலும் வண்டியின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. ஓடும் பந்தய கார்ட்டின் மொத்த எடையில் ஏறத்தாழ பாதி ஓட்டுநர்தான். இருக்கையை ஓர் அங்குலம் முன்னே நகர்த்தினாலே வண்டியின் குணம் மாறிவிடும். மெக்கானிக்குகள் ஒரு நாள் முழுக்க இருக்கையைப் பொருத்துவதிலேயே செலவிடுவது வீண் வேலை இல்லை.

இரண்டாவது தடுமாற்றம் பிரேக். கியர் இல்லாத வகுப்புகளில் பிரேக் பின் ஆக்ஸிலில் மட்டுமே உண்டு. ஸ்டியரிங் திரும்பியிருக்கும்போது அழுத்தினால் பின்புறம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும். எனவே நேராக இருக்கையிலேயே அழுத்த வேண்டியதை அழுத்தி முடித்து, விட்டுக்கொண்டே திரும்ப வேண்டும். இடது கால் பிரேக், வலது கால் ஆக்ஸிலரேட்டர். இரண்டையும் ஒன்றாக மிதிப்பது கூடாது. கிளட்ச்சும் பிரேக்கும் சூடேறிக் கெடும். நம் சாலைகளில் பல ஆண்டுகள் வண்டி ஓட்டிய கால்களுக்கு இது எளிதில் வராது. இடது கால் கிளட்ச்சைத் தேடும். கட்டைவிரல் ஹாரனைத் தேடுவதும் உண்டு.

சக்தி குறைந்த கார்ட்டில் சறுக்குவது பார்க்க அழகாக இருக்கும், நேரத்தைத் தின்றுவிடும். சறுக்கும்போது இழந்த வேகத்தை மீட்க அந்த என்ஜினிடம் சக்தி இல்லை. புதியவர் பெரும்பாலும் வளைவுக்குள் மிக வேகமாக நுழைந்து, நடுவில் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி, வெளியேறும்போது மெதுவாகிவிடுவார். ஒரு வளைவை எவ்வளவு வேகமாக விட்டு வெளியேறுகிறோம் என்பதே அடுத்த நேர்ப்பாதை முழுவதையும் தீர்மானிக்கிறது.

வாடகை கார்ட்

தொடக்கம் பெரும்பாலும் வாடகை கார்ட்டில்தான். 200 அல்லது 270 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜின், சுற்றிலும் பிளாஸ்டிக் தடுப்பு, கட்டியான டயர். பந்தய கார்ட்டைவிட இவை மிகக் கனமானவை, மந்தமானவை. இருந்தும் இவற்றை அலட்சியப்படுத்த வேண்டியதில்லை. எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே வண்டி என்பதால், லேப் டைம் உங்களைப் பற்றிய செய்தியாக இருக்கும், உங்கள் பணப்பையைப் பற்றியதாக இருக்காது. வண்டிக்கு வண்டி வேறுபாடு இருக்கத்தான் செய்யும். அதனால் ஒரே நாளில் இரண்டு மூன்று வண்டிகளில் ஓட்டிப் பார்ப்பவர்தான் தன் உண்மையான வேகத்தை அறிவார்.

வாடகை வண்டிகளிலேயே முறையான லீக் பந்தயங்கள் நடக்கின்றன. பிரான்சின் சோடி நிறுவனத்தின் சோடி வேர்ல்ட் சீரிஸில் பல நாட்டு ட்ராக்குகளில் ஓட்டுபவர்கள் சேர்த்த புள்ளிகள் ஒரே தரவரிசையில் வருகின்றன. குழுவாக மாறி மாறி ஓட்டும் பல மணி நேரப் பந்தயங்களும் உண்டு. புதியவருக்கு இவை மிகப் பயனுள்ளவை: செலவு பகிரப்படுகிறது, ஓட்டும் நேரம் கூடுகிறது, முதல் வளைவுக் கூட்டத்தில் முட்டிக்கொள்ளும் ஆவேசமும் குறைகிறது. சொந்த வண்டி வாங்குமுன் ஒரு சீசனாவது இப்படி ஓட்டுவது நல்லது. அவசரப்பட்டு வாங்கிய கார்ட்டுகள் பல வீடுகளின் கார் ஷெட்டில் தூசி படிந்து கிடக்கின்றன.

எந்த வகுப்பு

அடுத்த கேள்வி எந்த வகுப்பில் ஓடுவது என்பது. என்ஜின் விவரப் பட்டியலைப் படித்து இதை முடிவுசெய்யக் கூடாது. உங்களுக்கு அருகிலிருக்கும் ட்ராக்கில் எந்த வகுப்பில் அதிகம் பேர் ஓடுகிறார்களோ, அதுதான் உங்கள் வகுப்பு. உதிரிபாகமும், ஆலோசனையும், பழைய வண்டி விற்பவரும், பக்கத்தில் மோதுவதற்கு ஆளும் அங்கேதான் கிடைக்கும்.

வட அமெரிக்காவில் பெரியவர்கள் பலர் பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டனின் எல்.ஓ.206 வகுப்பில் தொடங்குகிறார்கள். இதன் ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜின் ஆலையிலேயே சீல் வைத்து வருவதால், உள்ளே திருத்தம் செய்து வேகம் ஏற்ற முடியாது. சக்தி சுமார் 9 குதிரைத்திறன்தான். ஆனால் என்ஜின் நீண்ட நாள் தாங்கும், செலவு குறையும், பந்தயமோ முட்டி மோதி நெருக்கமாக நடக்கும்.

ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் மேக்ஸ் வேறு உலகம். 1990களின் பிற்பகுதியில் வந்த இந்த 125 சிசி தண்ணீரால் குளிரும் டூ-ஸ்ட்ரோக் என்ஜின், சீனியர் வகுப்பில் சுமார் 30 குதிரைத்திறன் தரும். பட்டன் ஸ்டார்ட், தானே பிடிக்கும் கிளட்ச், ஒரே கியர். இத்தாலியின் ஐயாமே எக்ஸ்30உம் இதே மாதிரிதான். நல்ல டயரில் வளைவின் பக்கவாட்டு விசை 2 ஜி-யைத் தொடும். வாடகை கார்ட்டிலிருந்து நேராக இதில் ஏறுபவருக்கு முதல் நாள் பத்து லேப்பிலேயே முன்கை இறுகி, ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் போவது வழக்கம். ஆறு கியர் கொண்ட கே.இசட். வகுப்பு முன்சக்கர பிரேக்கும் சேர்ந்தது. தொடக்கக்காரர் அதன் பக்கம் பார்க்கவே வேண்டாம்.

எடை

பெரியவர்களின் பெரிய கவலை எடை. ஒவ்வொரு வகுப்பிலும் வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து இவ்வளவு கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி உண்டு. சீனியர் ரோட்டாக்ஸில் அது 160 கிலோவை ஒட்டியது. பந்தயம் முடிந்ததும் வண்டியோடு தராசில் ஏற வேண்டும். குறைவாக இருந்தால் அந்த முடிவு ரத்து. மெலிந்தவர்கள் இருக்கையில் ஈயக் கட்டிகளைப் போல்ட் போட்டுக்கொள்வார்கள். 85 கிலோ ஆளுக்கு அந்த வேலை மிச்சம், ஆனால் வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு கிலோவும் முடுக்கத்தைக் குறைக்கும். வயதில் மூத்தவர்களுக்கான மாஸ்டர்ஸ் வகுப்புகளில் இந்த வரம்பை உயர்த்தி வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

உடலும் உடையும்

கார்ட் ஓட்டுபவர்களுக்கு மிக அதிகம் வரும் காயம் விலா எலும்பில். ஃபைபர் இருக்கையின் விளிம்பு ஒவ்வொரு வளைவிலும் விலாவில் இடிக்கும்; நாற்பது வயதில் ஒரு விரிசல் ஆற வாரக்கணக்காகும். ஹெல்மெட்டுக்கு அடுத்து வாங்க வேண்டியது விலாக் காப்பு. இருக்கையின் அளவு சரியாக இல்லாவிட்டால் எந்தக் காப்பும் உதவாது.

கார்ட் உடை தீயிலிருந்து காக்க வந்ததல்ல, தார்த் தரையில் உராய்வதிலிருந்து காக்க வந்தது. பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் அந்த வேலைக்கு உதவாது. ஹெல்மெட் முகத்தை முழுவதும் மூடியதாக, ஸ்னெல் போன்ற தரச் சான்றோடு இருக்க வேண்டும். சீட் பெல்ட் இல்லையே என்று முதல் நாள் எல்லாருமே கேட்கிறார்கள். உருளும்போது காக்கும் கூண்டு வண்டியில் இல்லை; கவிழும் வண்டியோடு கட்டிப்போடப்படுவதைவிட அதிலிருந்து வெளியே எறியப்படுவதே மேல் என்ற கணக்கு.

நீளமான தலைமுடியும் துப்பட்டாவும் தனியாகச் சொல்லப்பட வேண்டியவை. சுழலும் ஆக்ஸிலும் செயினும் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் இருக்கின்றன. இந்தியாவில் பொழுதுபோக்கு ட்ராக்குகளில் முடி சிக்கி உயிர் போயிருக்கிறது. முடியைக் கட்டி உடைக்குள்ளோ ஹெல்மெட்டுக்குள்ளோ செருகாத யாரையும் வண்டியில் ஏற்றாத ட்ராக்கையே தேர்ந்தெடுங்கள்.

பழைய கார்ட் வாங்கும்போது

முதல் வண்டி புதியதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வண்டியைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். ட்ராக் ஓரக் கெர்பில் தேய்ந்து தட்டையான குழாய், மறுபடி வெல்டிங் வைத்த தடம், கோணிய ஆக்ஸில்: எல்லாம் அங்கே தெரிந்துவிடும். பல சீசன் ஓடிய சட்டம் முறுகி முறுகித் துவண்டுவிடும். அது கண்ணுக்குத் தெரியாது, லேப் டைமில்தான் தெரியும். என்ஜினுக்குச் சீல் எண்ணும் பதிவேடும் இருக்கிறதா, கடைசியாகப் பிரித்துக் கட்டியபின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேளுங்கள். டூ-ஸ்ட்ரோக் என்ஜின் மணிக்கணக்கில் வாழ்கிறது, கிலோமீட்டர் கணக்கில் அல்ல.

வாங்கும் விலை முன்பணம் மாதிரிதான். டயர், செயின், ஸ்ப்ராக்கெட், ஆயில் கலந்த பெட்ரோல், நுழைவுக் கட்டணம், வண்டியை ஏற்றிப்போகும் வாடகை என்று பந்தயத்துக்குப் பந்தயம் பணம் போய்க்கொண்டே இருக்கும். அதில் டயரே பெரும்பங்கு. வாங்காமல் ஓட ஒரு வழி, பந்தய அணியிடம் வண்டி, மெக்கானிக், கூடாரம் எல்லாவற்றையும் வாடகைக்கு எடுப்பது. வார இறுதிக் கணக்கில் அது அதிகமாகத் தெரியும். ஆண்டுக்கு மூன்று நான்கு பந்தயம் மட்டும் ஓடுபவருக்குப் பெரும்பாலும் அதுவே மலிவு.

பந்தய நாள்

தகுதிச் சுற்று, ஹீட், ப்ரீ-ஃபைனல், ஃபைனல் என்று நாள் போகும். ரோலிங் ஸ்டார்ட்தான் வழக்கம்: இரண்டு வரிசையாக மெல்ல வந்து, விளக்கு அணைந்ததும் பாய்வது. கொடிகளைத் தெரியாமல் ட்ராக்கில் இறங்கக் கூடாது. மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, ஓவர்டேக் செய்யாதே. நீலம், ஒரு லேப் முன்னிலையில் இருப்பவர் பின்னால் வருகிறார், வழி விடு. கறுப்பில் ஆரஞ்சு வட்டம், உன் வண்டியில் கோளாறு, உள்ளே வா. கறுப்பு மட்டும் காட்டினால் ஏதோ தவறு செய்துவிட்டீர்கள்.

சர்வதேச விதிகளின்படி நடக்கும் பந்தயங்களில் முன் பம்பர் இடித்தால் பின்னுக்குச் சரிந்துவிடும்படி பொருத்தப்பட்டிருக்கும். சரிந்த பம்பரோடு முடித்தால் நேரத் தண்டனை. முன்னால் போகிறவரை இடித்து வழி உண்டாக்குவதைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. ஸ்பின் ஆகி நின்றால் வண்டியை விட்டு இறங்கி ஓடாமல், பிரேக்கை மிதித்தபடி கையை உயர்த்திப் பின்னால் வருபவர்களுக்குக் காட்ட வேண்டும்.

முதல் சில பந்தயங்களில் இலக்கு இடம் பிடிப்பதாக இருக்கக் கூடாது. முன்னணியில் இருப்பவர் பின்னால் வந்து சுற்றிக் கடக்கும்போது தன் பாதையைத் திடீரென மாற்றாமல் இருப்பவரையே அனுபவசாலிகள் மதிப்பார்கள். அந்த மதிப்பு பின்னர் பிட்டில் கடனாகக் கிடைக்கும் ஸ்ப்ராக்கெட்டாக, ஒரு கார்புரேட்டர் ஜெட் அளவாகத் திரும்பி வரும்.

இந்தியாவில்

இந்தியாவில் அதிகாரப்பூர்வப் பந்தயம் ஓட எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் போட்டி உரிமம் தேவை. நாட்டின் மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான அதன் தலைமையிடம் சென்னை. சாலையில் ஓட்டும் லைசென்ஸுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. தேசிய கார்ட் சாம்பியன்ஷிப் நீண்ட காலமாக ரோட்டாக்ஸ் வகுப்புகளை ஒட்டி நடந்து வருகிறது. பெங்களூருவின் மெக்கோ கார்டோபியா, கோலாப்பூரின் மோஹிதே ட்ராக் ஆகியவை அதில் அடிக்கடி அடிபடும் பெயர்கள். தமிழ்நாட்டில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கை ஒட்டி, சர்வதேசத் தரத்தில் தனி கார்ட் ட்ராக் ஒன்றும் வந்திருக்கிறது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பொறியியல் மாணவர்கள் தாங்களே செய்த வண்டிகளோடு போட்டிக்கு வருவார்கள். பட்டறை வழியாக ஓட்டத்துக்கு வரும் இந்தப் பாதை இங்கல்ஸ் வந்த பாதைதான்.

எந்த நாட்டில் ஓடினாலும், நாற்பது வயதில் சீனியர் வகுப்பில் இறங்குபவர், கார்ட்டிலேயே வளர்ந்த பதினாறு வயதுப் பையன்களோடு ஓட நேரிடும். வேகத்தில் அவர்களைப் பிடிப்பது கடினம். வயதுப் பிரிவுகள் இருப்பது அதற்காகத்தான். ரோட்டாக்ஸின் உலக இறுதிப் போட்டியில் இரண்டு கியர் கொண்ட டிடி2 மாஸ்டர்ஸ் பிரிவு 32 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே உரியது. அந்த வயதை எட்டாதவர் அதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.