காய்ச்சல்காரர்களுக்காக ஒரு குளிர்

ஏசி பிறந்த கதையை 1902-இல் தொடங்குவது வழக்கம். அதற்கு அறுபது ஆண்டு முன்னரே தொடங்கவேண்டும் என்பது என் கட்சி.

1840-களில், அமெரிக்காவின் புளோரிடாவில் அப்பலாச்சிகோலா என்ற துறைமுக ஊரில் ஜான் கோரி என்றொரு மருத்துவர் இருந்தார். காய்ச்சல்காரர்கள் படுத்திருந்த அறையில், கூரையிலிருந்து பனிக்கட்டி நிரம்பிய பாத்திரத்தைத் தொங்கவிட்டார். குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்க, நோயாளிகளுக்கு மூச்சு வந்தது. ஆனால் பனிக்கட்டியை வடக்கே ஏரிகளில் அறுத்துக் கப்பலில் கொண்டுவர வேண்டும். அந்த வியாபாரம் நம் சென்னைவரை நீண்டது; பாஸ்டன் வணிகர் பிரடெரிக் டியூடரின் பனிக்கட்டியை வைக்க 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ்தான் மெரினாவின் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

கப்பல் வரும்வரை காய்ச்சல் காத்திருக்காது. கோரி இயந்திரத்தில் இறங்கினார். காற்றை அழுத்தி, அதன் சூட்டைத் தண்ணீரில் கழித்து, மறுபடி விரியவிட்டால் சில்லிட்டுப்போகும். அந்தச் சில்லிப்பில் ஐஸ் உறைந்தது. 1851-இல் காப்புரிமை கிடைத்தது, முதல் போட ஆள் கிடைக்கவில்லை. 1855-இல் நொடித்துப்போய் இறந்தார்.

முதல் கிடைத்தது காகிதத்துக்கு. 1902-இல் நியூயார்க்கின் புருக்ளினில் ஓர் அச்சகம். புழுக்கத்தில் தாள் ஈரம் குடித்து உப்பியதால், ஒரு வண்ணத்தின்மேல் அடுத்த வண்ணம் பொருந்தாமல் விலகியது. வில்லிஸ் கேரியர் என்ற 25 வயதுப் பொறியாளர், குளிர்நீர் ஓடும் குழாய்கள்மீது காற்றைச் செலுத்தி ஈரத்தைப் பிரித்தெடுத்தார். இன்றும் ஏசிக் குழாயில் தண்ணீர் சொட்டுவது அந்த வேலைதான். பிறகு ஆலை, சினிமா கொட்டகை, அலுவலகம். படுக்கையறை கடைசியில்தான் வந்தது.

இனி நம் பக்கத்துப் படுக்கையறைக்கு வருவோம். கச்சிராயபாளையம் கல்வராயன் மலையடி ஊர், பக்கத்தில் கோமுகி அணை. குளுகுளுவென்று இருக்கும் என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். அக்னி நட்சத்திரத்தில் வந்து ஓர் இரவு தங்கட்டும். ஓட்டு வீடுகள் இருந்த இடத்தில் கான்கிரீட் தளம் வந்துவிட்டது. பகலெல்லாம் குடித்த வெயிலை அது விடியவிடிய உள்ளே இறக்குகிறது. ஃபேன் அந்த அனலையே சுழற்றுகிறது. இளவட்டங்கள் மொட்டைமாடிக்குப் பாயோடு போய்விடலாம். படியேற முடியாத பாட்டியும் பச்சை உடம்புக்காரியும் எங்கே போவார்கள்? இவர்கள் ஏசி கேட்டால் அதை ஆடம்பரம் என்பது அநியாயம். கோரி யாருக்காகக் குளிரைத் தேடினாரோ, அவர்கள்தான் இவர்கள்.

ஏசி வாங்குவதோடு செலவு முடிவதில்லை. ஒரு டன் ஏசி முழுமூச்சில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். இரவுக்கு எட்டு மணி நேரம் என்றால், அரசு இரண்டு மாதத்துக்குத் தரும் இலவச யூனிட் பாதிக் காலத்துக்குள்ளேயே தீரும். அறையிலிருந்து உறிஞ்சிய சூட்டை வெளியே கொட்டுவதும் அதன் இயல்பு. பக்கத்து வீட்டு ஜன்னல் அதை வாங்கிக்கொள்கிறது. தளத்துக்கு வெள்ளைக் குளிர்பூச்சு அடித்துவிட்டு ஏசியைப் போட்டால் இரண்டு சுமையும் குறையும்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். அந்த உதவி வேண்டும்தான். உயிரோடு இருக்கும்போதே, முதியவர் உள்ள வீட்டுத் தளத்துக்கு அந்தப் பூச்சும், கோடை இரண்டு மாதத்துக்குக் கூடுதல் இலவச யூனிட்டும் அரசு தரவேண்டும்.