அடிஷம்: ஒரு பங்களாவின் பெயரும் 'எந்த ஊர்' என்ற கேள்வியும்

அப்புத்தளைக்கு யார் வந்தாலும் நாங்க கூட்டிக்கொண்டு போற இடங்களில் ஒன்று அடிஷம் பங்களா. 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய கல்வீடு. கொழும்பில் ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவராக இருந்தவர் அவர். பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரசலின் பேரனும்கூட. 1960களில் இருந்து அது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம்.

வீட்டைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். நாங்க பெயரைப் பற்றி எழுதுறோம். காரணம், எங்களுக்குள்ளேயே சிலர் 'அடிஷாம்' என்கிறோம், சிலர் 'அடிசம்' என்கிறோம். எது சரி என்று தேடப்போய், விஷயம் வேற எங்கேயோ கொண்டுபோய் விட்டது.

அடிஷம் என்பது இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் உள்ள ஒரு சின்னக் கிராமம். வில்லியர்ஸ் பிறந்த ஊர். அதைத்தான் மலையுச்சியில் கட்டிய வீட்டுக்கு வைத்தார். பெயரைப் பிரித்தால் இரண்டு துண்டு வரும். முதல் துண்டு ஏதோ ஒரு பழைய ஆங்கில ஆளின் பெயர். அடுத்தது 'ஹாம்', பழைய ஆங்கிலத்தில் குடியிருப்பு, ஊர் என்று பொருள். இன்றைய 'ஹோம்' என்ற சொல்லும் இதிலிருந்துதான் வந்தது. 'இன்னாருடைய ஊர்', அவ்வளவுதான் அர்த்தம்.

அப்படியென்றால் அதில் உள்ள 'ஸ்' முதல் துண்டின் உடைமை உருபு, 'ஹ' அடுத்த துண்டின் தொடக்கம். ஆனால் எழுத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதால் காலப்போக்கில் 'ஷ' ஆகிவிட்டது. கடைசி அசையும் தேய்ந்து, கென்டில் இப்போது 'அடிஷம்' என்றுதான் சொல்கிறார்கள். லண்டனில் தமிழர் நிறைய வாழும் லூயிஷமுக்கும் இதே கதைதான். ஈஸ்ட் ஹாம் மட்டும் விதிவிலக்கு. அங்கே உள்ள 'ஹாம்' நீரால் சூழ்ந்த நிலத்தைக் குறிக்கும் வேறொரு சொல்.

இதில் நாங்க யோசித்த விஷயம் ஒன்று உண்டு. ஆங்கிலேயரின் நாக்கு தங்கள் ஊர்ப்பெயரையே உருமாற்றினால், அது 'சரியான உச்சரிப்பு' என்று அகராதியில் ஏறுது. எங்கள் பாட்டன் பாட்டி 'ஹபுத்தலே'யின் ஹகரத்தை விட்டு 'அப்புத்தளை' என்றார்கள். 'பதுல்ல' பதுளை ஆனது, 'பண்டாரவெல' பண்டாரவளை ஆனது. நாக்கு செய்த வேலை ஒன்றுதான். ஆனால் தோட்டத்து ஆட்கள் ரொஹாம்ப்டன், நியூபர்க், ஸ்பிரிங்வெலி என்ற பெயர்களைத் தங்கள் வாய்க்கு ஏற்றமாதிரிச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாங்களும் சிரித்திருக்கிறோம்.

இதைவிடப் பெரிய விஷயம் அந்த 'ஹாம்'. வில்லியர்ஸ் தன் ஊரைப் பெயராகத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே நட்டுவிட முடிந்தது. யாரும் அவரிடம் ஆதாரம் கேட்கவில்லை. அந்தப் பங்களா எழுந்து 17 வருடத்தில், 1948இன் குடியுரிமைச் சட்டம் சுற்றியிருந்த லயங்களில் வாழ்ந்த பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1949இன் சட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டுமென்றால், 1946 ஜனவரி 1க்கு முன்பு திருமணமானவர்கள் 7 வருடமும் ஆகாதவர்கள் 10 வருடமும் இங்கே தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும். வீட்டு இலக்கமோ தெருப்பெயரோ இல்லாத லயத்து ஆளுக்கு இருந்த ஒரே முகவரி, துரை வைத்த தோட்டப் பெயரும் டிவிஷனும்தான். 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்குபோட்டது. மிஞ்சியவர்களின் பிரச்சினையைத் தீர்க்க 2003இல்தான் சட்டம் வந்தது.

மலையகத்தில் இன்றும் ஒருவரை ஒருவர் 'எந்தத் தோட்டம்?' என்றுதான் கேட்கிறோம். 'ஊர்' என்றால் பழைய ஆட்களுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு கிராமம். நாலைந்து தலைமுறை வாழ்ந்த இடத்தை ஊர் என்று சொல்ல ஒரு தயக்கம் எங்கள் பேச்சிலேயே தங்கிவிட்டது.

ஆனால் அடிஷம் பங்களாவை ஒட்டியிருக்கும் காட்டைப் பாருங்க. அது ஒரு சரணாலயம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதன் பெயர் 'தங்கமலே'. தங்கமலை! மொழிபெயர்க்கவே தேவையில்லை. வரைபடத்தில் எங்கள் சொல்லும் ஏறியிருக்கு.

அதனால் ஒரு வேண்டுகோள். பல தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, எங்கள் ஆட்கள் வைத்த பெயர் ஒன்று என்று இரண்டு உண்டு. இரண்டாவது பெரும்பாலும் வாய்ப்பேச்சில்தான் இருக்கு. வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் இந்த வாரமே கேளுங்க. எந்த மலைக்கு, எந்த ஆற்றுக்கு, எந்த லயத்துக்கு என்ன பெயர், ஏன் அந்தப் பெயர் என்று எழுதி வையுங்க. யாராவது 'எந்தத் தோட்டம்' என்று கேட்டால், பதிலை 'எங்க ஊர்...' என்று தொடங்கிப் பாருங்க.