திருத்தணிக் கற்கண்டும் திறவாத வயலின் பெட்டியும்

ஆண்டுதோறும் டிசம்பர் 31-ஆம் நாள் திருத்தணி மலையில் ஓர் அரிய காட்சியைக் காணலாம். ஆண்டின் நாள்களைக் குறிப்பன என்று சொல்லப்படும் 365 படிகளிலும், படிக்கொரு திருப்புகழைப் பாடிக்கொண்டே பக்தர் குழுக்கள் மேலேறுகின்றன. 1917-இல் வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம் இது. ஆந்திர எல்லையை ஒட்டிய இவ்வூர் ஒரு காலத்தில் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960-இல்தான் தமிழகத்தோடு இணைந்தது. ஆட்சி எல்லைகள் மாறின, படிப்பாட்டு மாறவில்லை. அதற்கு வேண்டியவை கைத்தாளமும் குரலும் மட்டுமே.

ஒருமுறை நாம் அவ்வூர் சென்றிருந்தபோது, அடிவாரத்துக் கடையொன்றின் முன் ஒரு சிறுவன் அழுதுகொண்டிருந்தான். கையில் அப்போதுதான் வாங்கிய ஊதல் இருந்தது. அவன் அழுததோ அடுத்த கடையில் தொங்கிய சிறு மத்தளத்திற்காக. நாம் நகைத்தோம். மறுகணமே நம் வீட்டு அலமாரி நினைவிற்கு வந்தது, நகைப்பு அடங்கிற்று.

அந்த அலமாரியில் ஓர் ஆர்மோனியம், ஒரு மின்விசைப் பலகை, ஒரு புல்லாங்குழல், இரண்டு வயலின்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒரு வயலின் நம் அண்ணனுடையது. பங்கின் பாடற்குழுவில் அவர் நெடுங்காலம் அதை வாசித்தவர். அவர் மறைந்த மறு மாதம், அப்பெட்டியைத் திறக்க மனம் துணியாத நாம், கடைத்தெருவிற்குச் சென்று புதிய வயலின் ஒன்றை வாங்கி வந்தோம். வாங்கிய அன்று நெஞ்சின் பாரம் சற்றுக் குறைந்ததுபோல் இருந்தது. பத்தாம் நாள் அதுவும் அலமாரிக்குள் சென்றது. அடுத்து வந்தது மின்விசைப் பலகை.

துயரை ஆற்றக் கடைக்குச் செல்லும் இப்பழக்கத்தைக் 'கடைவழி மருத்துவம்' எனலாம். அமெரிக்கச் செய்தித்தாள்கள் 1980-களிலேயே இதற்கு அத்தகையதொரு பெயரைச் சூட்டிவிட்டன. அது முற்றிலும் பொய் மருந்தன்று. 2014-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, பொருளைத் தெரிந்தெடுக்கும் செயல் எஞ்சியிருக்கும் சோகத்தைச் சற்றுத் தணிக்கிறது என்றே காட்டியது. தன் வாழ்வு தன் கையில் இருக்கிறது என்ற உணர்வை அது சிறிது நேரமேனும் மீட்டுத் தருகிறதாம். ஆனால் ஒரு பொருள் மற்றொன்றை அழைக்கும். 1769-இல் பிரெஞ்சு அறிஞர் தீதரோ, புதிய மேலங்கி ஒன்று வீட்டிற்குள் வந்தபின் நாற்காலி முதல் படங்கள் வரை யாவும் பழையனவாய்த் தோன்றி, ஒவ்வொன்றாய் மாற்ற நேர்ந்த கதையை எழுதினார். இசைக் கலைஞரிடையே இந்நோய் இன்னும் கடியது. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் வால்டர் பெக்கர் 1990-களில் அதைக் 'கிட்டார் வாங்கும் நோய்' என்று நகைச்சுவையோடு வருணித்தார். அடுத்த கருவி வந்துவிட்டால் அடுத்த பாட்டும் வந்துவிடும் என்ற நம்பிக்கையே அந்நோயின் வேர்.

பாட்டு எப்படி வருகிறது? இவ்வினாவிற்கு விடை தேடுவோர் மீண்டும் திருத்தணிக்கே வரவேண்டும். கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் தம் முதற் கிருதியைப் பாடியது இம்மலையில்தான்.

அவருடைய தந்தை இராமசாமி தீட்சிதர், திருவாரூரிலிருந்து குடும்பத்தோடு சென்னைக்கு வடக்கே உள்ள மணலிக்கு வந்தவர். அங்கே அவர்களை ஆதரித்த முதலியார் குடும்பம் கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு நெருங்கிய தொடர்புடைய செல்வக் குடும்பம். அக்குடும்பத்துச் சின்னையா முதலியார், தீட்சிதர் சகோதரர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று ஐரோப்பிய வாத்தியக் குழுவின் இசையைக் கேட்கச் செய்தார். அதுவரை காணாத கருவிகள், கேளாத ஒலிகள். அவர்கள் விரும்பியிருந்தால் கருவிகளைக் குவித்திருக்கலாம். வாங்கித் தரச் செல்வரும் அருகிலேயே இருந்தார்.

அவர்கள் செய்தது வேறு. இளையவர் பாலுசுவாமி ஒரே ஒரு கருவியை, வயலினை, எடுத்துக்கொண்டார். ஐரோப்பியர் ஒருவரிடம் மூன்றாண்டுகள் அதைப் பயின்றார். பிறகு அதில் நம் இராகங்களைப் பேசவைத்தார். மூத்தவர் முத்துசுவாமி ஒரு கருவியையும் எடுத்துக்கொள்ளவில்லை. மெட்டுகளை மட்டும் செவியில் ஏந்திச் சென்றார். ஆங்கில அரசு வாழ்த்தின் மெட்டு உட்பட அத்தகைய மெட்டுகளுக்கு அவர் இயற்றிய வடமொழிப் பாடல்கள் ஏறத்தாழ நாற்பது. 'நோட்டுஸ்வர சாகித்தியம்' என்று அவற்றை இன்றும் சிறுவர்க்குக் கற்பிக்கின்றனர்.

முத்துசுவாமியின் வரலாற்றில் சிறப்பாகப் பேசப்படும் கருவி ஒன்றே. சிதம்பரநாத யோகியோடு காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கியபோது, கங்கையில் இறங்கிய அவர் கைக்கு ஒரு வீணை கிட்டியது என்பது மரபு. அந்த ஒரு வீணையோடு மணலிக்குத் திரும்பியவர், பின்னர் திருத்தணிக்கு வந்து தியானத்தில் அமர்ந்தார். முதியவர் ஒருவர் தோன்றி, வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு கற்கண்டை நாவில் இட்டு மறைந்தாராம். அப்போது பிறந்ததே மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்த அந்த முதற் கிருதி. அதைத் தொடர்ந்து எட்டு வேற்றுமைகளுக்கும் ஒவ்வொன்றாக எட்டுக் கிருதிகள் அமைந்தன.

கற்கண்டுக் கதையை வரலாற்று ஆசிரியர் எப்படி எடைபோட்டாலும், அதை வழிவழியாகச் சொல்லிவந்தோர் உணர்ந்திருந்த உண்மை ஒன்று உண்டு. பாட்டு பிறந்த அந்த வேளையில் கையில் புதிதாக எதுவும் வரவில்லை. வாய் திறந்தது, அவ்வளவே. அவ்வாய் திறப்பதற்கு முன் எத்தனை ஆண்டுக் கல்வி, எத்தனை ஆண்டுச் சாதகம்! கற்கண்டு சிறிது நேரத்தில் கரைந்திருக்கும். கடையில் நாம் வாங்கும் இனிமையும் அவ்வாறே கரைகிறது. ஆனால் தீட்சிதர் வாழ்வில் கற்கண்டு கரைந்தபின் பாட்டு நின்றது. நம் வாழ்விலோ கரைந்தபின் நிற்பது அலமாரி மட்டுமே.

கருவி வாங்குவதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. பாலுசுவாமியைப் போன்றோர் வயலினைக் கையில் எடுத்திராவிட்டால் இன்றைய கருநாடக இசை மேடை எவ்வளவு வறிதாயிருக்கும்! தீட்சிதரின் மாணவரான தஞ்சை வடிவேலுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். அது உழைப்பிற்குப்பின் வந்த கருவி. நம் அலமாரியில் இருப்பனவோ உழைப்பிற்குப் பதிலாக வந்தவை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; பயிற்சியில் தளர்ந்த கையும் 'இக்கருவி சரியில்லை, இன்னொன்று வேண்டும்' என்கிறது.

இவ்விசையின் பொருட்டுத் தம் பொருளைச் செலவிட்ட ஒருவரை இவ்விடத்தில் நாம் நன்றியோடு நினைக்கவேண்டும். சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றிய ஏ. எம். சின்னசுவாமி முதலியார் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர். நம் கீர்த்தனைகள் ஏட்டிலும் செவியிலும் மட்டும் வாழ்ந்து அழிந்துவிடக் கூடாதென்று அஞ்சி, அவற்றை ஐரோப்பிய இசைக்குறிகளில் அச்சிட முனைந்தார். புதுப்பேட்டை ஆவே மரியா அச்சகத்திலிருந்து 1893-இல் அவருடைய நூல் வெளிவந்தது. அம்முயற்சியில் அவர் செல்வம் கரைந்தது, கண்பார்வையும் மங்கியது. ஆயினும் அவர் ஓயவில்லை. பாலுசுவாமியின் வளர்ப்பு மகனான சுப்பராம தீட்சிதரைக் கொண்டு அக்குடும்பத்து இசைச் செல்வத்தை எழுதுவிக்குமாறு எட்டயபுரம் அரசரை வேண்டினார். அதன் பயனாக 1904-இல் அங்கே அச்சேறிய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி', முத்துசுவாமி தீட்சிதரின் 229 கிருதிகளைச் சுரக்குறிப்போடு காத்துத் தந்திருக்கிறது. சின்னசுவாமி முதலியாரும் பணத்தைச் செலவழித்தார், நாமும் செலவழித்தோம். அவர் செலவு பிறர் வாயில் பாட்டாயிற்று. நம் செலவு நம் வீட்டில் தூசியாயிற்று.

நூற்றைம்பதாம் திருப்பாடலை நாம் அனைவரும் அறிவோம். எக்காளம், யாழ், மத்தளம், குழல், கைத்தாளம் எனக் கருவிகளை வரிசைப்படுத்திச் செல்லும் அப்பாடல், இறுதியில் மூச்சுள்ள அனைத்தையும் அழைத்து முடிகிறது. கருவிகள் யாவும் அந்த மூச்சிற்குத் துணையே. அதற்கு மாற்று அல்ல.

திருத்தணியிலிருந்து திரும்பிய வாரத்தில் அண்ணனின் பெட்டியைத் திறந்தோம். ஒரு தந்தி அறுந்திருந்தது. வில்லின் மயிர் தளர்ந்திருந்தது. தாடை வைக்கும் இடம் அவருடைய பல்லாண்டுப் பழக்கத்தால் தேய்ந்து பளபளத்தது. கடைக்குச் சென்றோம், இம்முறை ஒரு தந்தி மட்டும் வாங்கினோம். புதிய வயலினைப் பாடற்குழுவில் பயிலும், சொந்தக் கருவியில்லாத ஒரு சிறுமிக்குக் கொடுத்துவிட்டோம்.

மாலைதோறும் அரைமணி நேரம் சரளி வரிசை வாசிக்கிறோம். சுரம் இன்னும் தடுமாறுகிறது. ஆனால், திறக்க அஞ்சிய அத்துயரோடு ஒரே அறையில் அமர இப்போது நம்மால் முடிகிறது. எந்தக் கடையும் நமக்கு இதை விற்றிருக்க இயலாது. அன்பர்களே, உங்கள் அலமாரியில் எது உறங்குகிறது?