விண்மீன் படங்களுக்கு ஒரு பொதுமொழி

வானத்தைக் கண்ணால் கண்டு வியந்த காலம் மிக நீண்டது. கண்டதைப் படமாக்கிக் காத்துவைக்கக் கற்ற காலமோ மிகக் குறுகியது. அக்குறுகிய வரலாற்றின் ஒரு பகுதியை இங்கே நாம் ஆராய்வோம்.

1899-ஆம் ஆண்டில் கோடைக்கானலில் ஞாயிற்றை ஆராயும் வானாய்வு நிலையம் நிறுவப்பெற்றது. 1904 முதல், வானம் தெளிந்த நாள்தோறும் ஞாயிற்றின் வடிவம் அங்குப் படமாக்கப்பட்டு வந்தது. கண்ணாடித் தகட்டிற்கு ஒரு சிறப்புண்டு: அதனை ஒளிக்கு எதிரே பிடித்தால் போதும், எவரும் படிக்கலாம். ஆயின் தகடு உடையும். அதன் பூச்சு மங்கும். ஒரே சமயத்தில் ஓரிடத்தில்தான் இருக்கும்.

1970-களில் தகடுகளுக்குப் பதிலாக மின்னணுக் கருவிகள் இடம்பெறலாயின. படம் எண்களாகிக் காந்த நாடாவில் ஏறிற்று. உடையும் குறை நீங்கிற்று. புதுக்குறை ஒன்று பிறந்தது. ஒவ்வொரு நிலையமும் தனக்கென ஒரு வரிசையில் எண்களை எழுதிற்று. ஒன்றின் நாடா மற்றொன்றிற்கு வெறும் எண்குவியலே. பத்து நிலையங்கள் தம்முள் படங்களை மாற்றிக்கொள்ளத் தொண்ணூறு மாற்று நிரல்கள் வேண்டும். பொதுமொழி ஒன்று இருப்பின், ஒவ்வொன்றும் அதில் எழுதவும் படிக்கவும் இரண்டிரண்டாக இருபதே போதும்.

இவ்வுண்மையை உணர்ந்த டான் வெல்ஸ், எரிக் கிரைசன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1979-இல் ‘ஃபிட்ஸ்’ என்னும் அமைப்பை வகுத்தனர். 1981-இல் ஹார்ட்டன் என்பாருடன் சேர்ந்து அதனைக் கட்டுரையாக வெளியிட்டனர். 1982-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதனை ஏற்றது.

அதன் அமைப்பு எளிது. முதலில் தலைப்பு, பின்னர் எண்கள். தலைப்பு, பழைய துளையட்டையைப் போல 80 எழுத்துகள் கொண்ட வரிகளால் ஆனது. முப்பத்தாறு வரிகள் சேர்ந்தால் 2880 பைட்டுகள். அதுவே ஒரு கட்டம். அக்காலக் கணிப்பொறிகளின் சொல்லளவுகள் பலவற்றாலும் மீதியின்றி வகுபடும் என்பதால் அவ்வளவைத் தேர்ந்தனர். படம் எத்தனை வரிசை, எத்தனை நிரை, எப்போது, எக்கருவியால் எடுக்கப்பட்டது என்பவற்றைத் தலைப்பே சொல்லும்.

இப்படங்களைக் கையாளத் தொடங்குவோர் மூன்று படிகளை மனத்திற் கொள்ளல் நன்று. முதலாவது, கருவியின் வாயை மூடி அதே கால அளவில் எடுத்த இருட்படத்தைக் கழித்தல். இரண்டாவது, சீரான ஒளியில் எடுத்த படத்தால் வகுத்துக் கருவியின் ஏற்றத்தாழ்வை நீக்கல். மூன்றாவது, கண்ணுக்குப் புலப்படுமாறு ஒளியை விரித்தல். பதினாறு பிட்டுப் படத்தில் 65,536 ஒளிநிலைகள் இருக்கலாம். நாம் நாடோறும் காணும் ‘ஜேபெக்’ படத்தில் நிறமொன்றுக்கு 256 நிலைகளே உண்டு. ஆதலின் மூன்றாம் படியைப் படியொன்றில் செய்து, மூலத்தைத் தொடாது வைத்தல் வேண்டும். அழகுக்காகச் சுருக்கிய படத்திலிருந்து இழந்த அளவுகளை மீட்க இயலாது.

ஒருமுறை ஃபிட்ஸ் ஆனது என்றும் ஃபிட்ஸே என்பது இம்முறையின் அடிப்படை விதி. புதுமை எத்தனை சேரினும் பழைய கோப்பு படிக்கத்தக்கதாகவே இருத்தல் வேண்டும். வாத்திகன் நூலகமும் தன் பழஞ்சுவடிகளின் படங்களைக் காக்க இவ்வமைப்பையே ஏற்றது. கோடைக்கானல் தகடுகளும் பக்கத்திற்கு 4096 புள்ளிகள் கொண்ட எண்படங்களாக மாற்றப்பட்டுள்ளன. நூறாண்டுக்கு முந்தைய ஞாயிற்றின் கறைகளை இன்றைய மாணவன் அளக்க முடிகிறது. நாம் இன்று எழுதும் எண்களையும் நாளை பிறப்போர் படிக்க வேண்டுமல்லவா? அதற்குக் கருவியின் நுட்பம் மட்டும் போதாது. எல்லோரும் காக்கும் ஓர் உடன்பாடும் வேண்டும்.